ஏழு கோடுகளும் ஒரு சாய்சதுரமும்

ஒரு சிகிச்சை பலன் தருமா என்று அறிய மருத்துவ ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. ஒரே கேள்வியைப் பற்றி உலகின் பல மூலைகளில் நடந்த அத்தகைய ஆய்வுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதித்து, சேர்த்து வைத்துப் பார்த்தால் அவை மொத்தத்தில் என்ன சொல்கின்றன என்று கணிப்பது இன்னொரு வகை ஆய்வு. அதற்கு முறைசார் மீளாய்வு என்று பெயர். இதில் புதிதாக ஒரு நோயாளிக்கும் ஊசி போடப்படுவதில்லை. மேசை, கணினி, கட்டுரைக் குவியல், பொறுமை ஆகியவையே இதற்கு வேண்டிய கருவிகள். ஆனாலும் இந்த வேலையை உரிய காலத்தில் செய்யாமல் விட்டதால் பல்லாயிரம் உயிர்கள் போயிருக்கின்றன.

மருத்துவரின் அனுபவம் மட்டும் போதாதா என்ற கேள்வி இயல்பானது. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது ஏமாற்றவும் செய்யும். மருந்து சாப்பிட்டால் ஜலதோஷம் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று ஊரில் சொல்வார்கள். தானாகவே குணமாகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகத் தெரியும். பிழைத்தவர் திரும்பி வந்து நன்றி சொல்வார், பிழைக்காதவர் வருவதில்லை. அதனால்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது. ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் சிகிச்சையைக் கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமலோ வேறொன்றைக் கொடுத்தோ பார்க்க வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கல் முறை இதைத் தடுக்கிறது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை இப்படிச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

காசநோய் ஆய்வின் அடுத்த பெரிய திருப்பம் சென்னையில் நிகழ்ந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பாதியினர் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் கவனிப்பும் பெற்றுக்கொண்டு மருந்து சாப்பிட்டார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-ல் வெளியான முடிவு மருத்துவ உலகை அசைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களுடன் வசித்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மலைக்காற்றும் மாதக்கணக்கான படுக்கையும் கட்டாயம் என்ற நம்பிக்கை உலகெங்கும் தளர்ந்தது.

இப்படி ஓர் ஆய்வே வழக்கத்தைப் புரட்டிப் போடுவது உண்டு, ஆனால் அரிது. பெரும்பாலான கேள்விகளுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளே கிடைக்கின்றன. ஒன்று பலன் உண்டு என்னும், அடுத்தது நிச்சயமில்லை என்னும், மூன்றாவது வாயே திறக்காது. குறைமாதக் குழந்தைகளுக்கான ஸ்டீராய்டு ஊசியின் கதை அப்படிப்பட்டது. ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதன் அருமையையும், பார்க்காமல் விட்டதன் கொடுமையையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

1960-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சினை ஆடுகளின் வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தபோது அவை நாள் நிறையும் முன்பே பிறந்தன. ஒரு குட்டி, அந்தப் பருவத்தில் பிழைக்கவே கூடாதது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் ஒரு பகுதி விரிந்திருந்தது. நாள் நிறையாமல் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய பையைப் புதிதாக ஊதித் திறக்க வேண்டியிருப்பதால் சில மணி நேரத்தில் குழந்தை களைத்துப்போகிறது. ஸ்டீராய்டு அந்தச் சுரப்பை முன்கூட்டியே தூண்டிவிட்டது என்று லிக்கின்ஸ் புரிந்துகொண்டார்.

குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து அவர் இதை மனிதரிடம் சோதித்தார். குறைப்பிரசவம் ஆகும் நிலையில் வந்த 282 தாய்மார் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு பீட்டாமெத்தசோன் ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. முடிவு 1972-ல் வெளியானது. ஊசி பெற்ற பிரிவின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் நோய் கண்டவை 9 சதவீதம். ஒப்பீட்டுப் பிரிவில் அது 25.8 சதவீதம். மலிவான மருந்து, எந்தச் செவிலியரும் போடக்கூடிய ஊசி. கருவிகள் நிறைந்த தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத மருத்துவமனைக்கும் எட்டக்கூடியது.

ஆனால் ஊசி பரவவில்லை. அடுத்த பத்தாண்டில் வேறு நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. அவை பெரும்பாலும் சிறியவை. எடுத்துக்காட்டுக்கு, ஓர் ஆய்வில் மருந்து பெற்ற 60 குழந்தைகளில் 5 இறந்தன, பெறாத 60-ல் 8 இறந்தன என்று வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு மூன்று உயிர். அது மருந்தால் வந்ததா, தற்செயலா என்று அந்த ஓர் ஆய்வால் சொல்ல முடியாது. புள்ளியியலார் இதைக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதுவார்கள். கட்டுரையைப் படிக்கும் மருத்துவரோ அதைப் பலன் இல்லை என்று எடுத்துக்கொள்வார். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் இந்தக் கதையில் நேர்ந்த பெரும் பிழை.

1980-களின் இறுதியில் பட்ரீஷியா க்ரௌலி என்ற மகப்பேறு மருத்துவர் இந்த ஆய்வுகளைத் திரட்டி மீளாய்வு செய்தார். அதன் சாரத்தை ஒரு சிறிய படம் காட்டுகிறது. நடுவே ஒரு செங்குத்துக் கோடு: சிகிச்சையால் வேறுபாடு இல்லை என்பது அதன் பொருள். குறுக்கே ஏழு படுக்கைக் கோடுகள், ஏழு ஆய்வுகளுக்கு ஏழு. கோடு இடப்பக்கம் இருந்தால் சிகிச்சை உயிர் காத்தது, வலப்பக்கம் இருந்தால் கெடுத்தது. கோட்டின் நீளம் அந்த ஆய்வின் தயக்கத்தைக் காட்டும். சிறிய ஆய்வுக்கு நீண்ட கோடு, பெரிய ஆய்வுக்குக் குட்டைக் கோடு. அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை செங்குத்துக் கோட்டைத் தொடுகின்றன அல்லது தாண்டிப் போகின்றன, அதாவது தனியாக நின்று எதையும் உறுதி சொல்லவில்லை. கீழே, ஏழையும் சேர்த்துக் கணித்த முடிவைக் குறிக்கும் ஒரு சிறிய சாய்சதுரம். அது செங்குத்துக் கோட்டைத் தொடாமல் தெளிவாக இடப்பக்கம் நிற்கிறது. 1991-க்குள் மேலும் ஏழு ஆய்வுகள் வந்து சேர்ந்தபோது, இந்த ஊசி குழந்தை இறக்கும் வாய்ப்பை 30 முதல் 50 சதவீதம் குறைக்கிறது என்பது உறுதிப்பட்டது.

சேர்த்துக் கணிப்பது என்றால் எல்லா நோயாளிகளையும் ஒரே மூட்டையில் கொட்டிக் கூட்டுவதல்ல. அப்படிக் கூட்டினால் கடும் நோயாளிகள் வரும் மருத்துவமனையும் இலேசான நோயாளிகள் வரும் மருத்துவமனையும் கலந்து கணக்கைத் திரித்துவிடும். ஒவ்வொரு ஆய்வுக்குள்ளும் இரு குழுக்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டு, அந்த வேறுபாடுகளை மட்டுமே சேர்ப்பார்கள். அதிகத் தகவல் தரும் ஆய்வுக்கு அதிக எடை. இந்தக் கணக்குக்குத் தொகுப்பாய்வு என்று பெயர். முறைசார் மீளாய்வின் ஒரு படி மட்டுமே அது.

அந்த ஏழு ஆய்வுகளையும் 1980-களின் தொடக்கத்திலேயே யாராவது ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. 1994-ல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் இந்த ஊசியைப் பரிந்துரைத்தபோது, அந்நாட்டில் எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே அது கிடைத்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகள் தேவையில்லாமல் துன்புற்று இறந்திருக்கக்கூடும் என்பது பின்னாளைய கணிப்பு. ஒவ்வொன்றும் ஒரு தாய் கையில் ஏந்தக் காத்திருந்த குழந்தை.

ஏழு கோடுகள் கொண்ட அந்தப் படம் இன்று காக்ரேன் என்ற உலக அமைப்பின் சின்னம். அந்தப் பெயருக்கு உரியவரான ஆர்ச்சி காக்ரேன் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர். ஒவ்வொரு மருத்துவத் துறையும் தன் குலுக்கல்முறை ஆய்வுகளை எல்லாம் திரட்டி, எடைபோட்டு, காலத்துக்குக் காலம் புதுப்பித்துத் தர வேண்டும், அப்படிச் செய்யாதது மருத்துவத்தின் பெருங்குறை என்று 1979-ல் எழுதினார். எல்லாவற்றிலும் பின்தங்கிய துறை மகப்பேறு மருத்துவம்தான் என்றும் கடிந்துகொண்டார். அதைச் சவாலாக எடுத்துக்கொண்டவர் இயன் சால்மர்ஸ். அதற்கு அவருக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. இளம் மருத்துவராக 1969, 70-ல் காசாவின் அகதி முகாமில் வேலை செய்தபோது, தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு வேறு கிருமித்தொற்று தென்படும்வரை ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்று கல்லூரியில் கற்றதைக் கடைப்பிடித்தார். சில குழந்தைகள் இறந்தன. முன்கூட்டியே கொடுப்பது நல்லது என்பதற்கான ஆய்வுகள் அதற்கு முன்பே வெளியாகியிருந்தன என்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் தலைமையில் முதல் காக்ரேன் மையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது உலகக் கூட்டமைப்பாயிற்று. தெற்காசியாவுக்கான மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது.

மாரடைப்பு மருந்தின் கதையும் இதே போன்றது. இதய இரத்தக்குழாயில் உறைந்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸை 1959 முதல் 1988 வரை 33 ஆய்வுகள் சோதித்தன. 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இவற்றைக் கால வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கணித்துப் பார்த்தார்கள். 1973-லேயே, எட்டு ஆய்வுகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்த அளவில், மருந்து உயிர் காக்கிறது என்பது தெளிவாகியிருந்தது. அதன் பிறகும் 25 ஆய்வுகளில் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடை கையில் இருந்த கேள்விக்காக அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்து இல்லாத பிரிவில் வைக்கப்பட்டார்கள்.

மீளாய்வு செய்யும் முறைக்கு வருவோம். முதலில் கேள்வியைக் கூர்மையாக்க வேண்டும்: எந்த நோயாளிக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்ப்பது. தேடும் வழி, சேர்க்கும் தகுதி, கணக்கிடும் முறை எல்லாவற்றையும் தொடங்கும் முன்பே எழுதி வெளியிட்டுவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்றுவதற்கு இடம் இருக்கக் கூடாது. பிறகு தேடல். மின்னணுத் தரவுத்தளங்கள் போதாது. பிறமொழி இதழ்கள், மாநாட்டுச் சுருக்கங்கள், ஆய்வுப் பதிவேடுகள் எல்லாம் துழாவப்படும். கணினிக்கு முந்தைய இதழ்களைத் தன்னார்வலர்கள் நூலகங்களில் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆய்வுகளைக் கண்டெடுத்தார்கள். எந்த ஆய்வைச் சேர்ப்பது என்பதை இருவர் தனித்தனியாக முடிவு செய்து பிறகு ஒப்பிடுவார்கள்.

கடினமான பகுதி தரம் பார்ப்பது. குலுக்கல் என்று கட்டுரையில் எழுதியிருந்தால் போதாது. குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று கேட்க வேண்டும். அடுத்த நோயாளி எந்தக் குழு என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். அந்த உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நோயாளியைச் சேர்த்த மருத்துவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தால் அல்ல, தன் நோயாளிக்கு நல்லதென்று தான் நம்பியது கிடைக்க வேண்டும் என்ற அக்கறையால். ஆனால் அந்த அக்கறையே ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். 250 ஆய்வுகளை அலசி 1995-ல் வெளியான கட்டுரை, அடுத்த நோயாளியின் குழுவை மறைத்து வைப்பது ஒழுங்காக இல்லாத ஆய்வுகள் சிகிச்சையின் பலனைக் கணிசமாக மிகைப்படுத்துவதைக் காட்டியது. பாதியில் விலகியவர்கள் கணக்கில் வந்தார்களா, விளைவை அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா என்பவை அடுத்த கேள்விகள். கடைசியில் சான்றின் உறுதி உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகளில் குறிக்கப்படும்.

பல மீளாய்வுகள் தெரியவில்லை என்றே முடிகின்றன. அது தோல்வி அல்ல. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பது முப்பது ஆண்டுக்கு மேல் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து நல்லதுதானே செய்யும் என்பது நியாயமான ஊகம். 1997-ல் வந்த மீளாய்வு, அதுவரை நடந்த ஆய்வுகளை வைத்து நன்மையா தீமையா என்று சொல்லவே முடியாது என்றது. அதன் விளைவாக க்ராஷ் என்ற பெரும் ஆய்வு தொடங்கியது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 10,008 பேரோடு 2004-ல் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்ற குழுவில் 21.1 சதவீதம், பெறாத குழுவில் 17.9 சதவீதம். நல்லது செய்வதாக நினைத்துக் கொடுத்த மருந்து, நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றுகொண்டிருந்தது. குறைமாதக் குழந்தையைக் காக்கும் அதே வகை மருந்து.

மீளாய்வின் பெரிய பகை, வெளிவராத ஆய்வு. 1980-ல் மாரடைப்பு நோயாளிகள் 95 பேரிடம் லோர்கைனைடு என்ற இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்து சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 9 பேரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவரும் இறந்தார்கள். ஆய்வாளர்கள் அதைத் தற்செயல் என்று கருதினார்கள்; வணிகக் காரணங்களால் மருந்து கைவிடப்பட்டதால் கட்டுரையும் வெளிவரவில்லை. 1993-ல் அதை வெளியிட்டபோது, முன்பே வந்திருந்தால் அதே வகை மருந்துகளின் ஆபத்தைப் பற்றி அது எச்சரித்திருக்கும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இடையில் அந்த வகை மருந்துகள் பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டன; அவற்றில் இரண்டு உயிரைப் பறிக்கின்றன என்பது 1989-ல் காஸ்ட் என்ற ஆய்வில் வெளிப்பட்டது.

டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ காய்ச்சல் மருந்தின் விவகாரம் இன்னும் பெரியது. பன்றிக் காய்ச்சல் பரவிய 2009-ல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் காக்ரேன் மீளாய்வாளர்களிடம் ஒரு கேள்வி எழுப்பினார். அந்த மருந்து நுரையீரல் சிக்கல்களைத் தடுக்கும் என்ற முடிவு, பத்து ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரையை நம்பியிருந்தது. அந்தப் பத்தில் இரண்டு மட்டுமே இதழ்களில் வெளியானவை. மற்ற எட்டையும் யார் பார்த்தார்கள்? மீளாய்வாளர்களும் பார்த்திருக்கவில்லை. முழு அறிக்கைகளைத் தயாரிப்பு நிறுவனமான ரோஷிடமிருந்து பெற நான்கு ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. அவற்றைப் படித்து 2014-ல் வெளியிட்ட முடிவின்படி, பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. மருத்துவமனையில் சேரும் தேவையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. அதற்குள் பிரிட்டன் மட்டும் இந்த மருந்தைச் சேமித்து வைக்க 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தது. 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை முதன்மைப் பிரிவிலிருந்து துணைப் பிரிவுக்கு இறக்கியது. ஆய்வைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற விதி இந்த மறைப்புக்கு எதிரான வேலி. இந்தியாவின் பதிவேடு 2007-ல் தொடங்கி, 2009 ஜூன் முதல் கட்டாயமாயிற்று.

பொய்யான ஆய்வு இன்னொரு ஆபத்து. கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் என்ற மருந்து உயிர் காக்கும் என்று சொன்ன சில தொகுப்பாய்வுகளில் எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு கனமான இடம் பிடித்திருந்தது. அதன் தரவில் ஒரே நோயாளியின் விவரங்கள் திரும்பத் திரும்ப வருவது உள்ளிட்ட முரண்கள் சுட்டிக்காட்டப்பட்டதும், 2021 ஜூலையில் அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைக் கழித்துக் கணக்கிட்டபோது மருந்தின் பலனாகத் தோன்றியதில் பெரும்பங்கு கரைந்துபோனது. கெட்ட அரிசியை எவ்வளவு சேர்த்து வடித்தாலும் நல்ல சோறு ஆகாது.

நேர்மையான, நிறைவான மீளாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு: ஆய்வு நடந்த இடமும் சிகிச்சை கொடுக்கும் இடமும் வேறாக இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கான ஊசிக்கே இந்தச் சோதனை வந்தது. தொடக்க கால ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, அர்ஜென்டினா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் கிராமப்புறத்தையும் சேர்த்து ஊசியைப் பரப்பிப் பார்த்த ஆய்வு 2014-ல் அதிர்ச்சி தந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில், ஊசியைப் பரப்பிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 27.4, மற்ற பகுதிகளில் 23.9. தாய்க்குக் கிருமித்தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் ஊசி பரவிய பக்கமே கூடுதல். கர்ப்ப வாரம் சரியாகத் தெரியாத இடங்களில், தேவையில்லாத தாய்மாருக்கும் ஊசி போய்ச் சேர்ந்தது. இந்தியாவிலோ அதே 2014-ல்தான் துணைச்செவிலியர் முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்ற அரசு வழிகாட்டுதல் வந்திருந்தது.

பழைய முடிவு தவறா, இடம் தவறா? அதைத் தீர்க்க உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளில் புதிய ஆய்வை நடத்தியது. 26 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ ஆபத்தில் இருந்த 2,852 தாய்மார் சேர்ந்தார்கள். கர்ப்ப வாரம் ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்டது. குழந்தையைக் கவனிக்க ஓரளவு வசதியும் இருந்தது. டெக்சாமெத்தசோன் பெற்ற பிரிவில் 19.6 சதவீதக் குழந்தைகள் பிறந்த 28 நாளுக்குள் இறந்தன. வெற்று ஊசி பெற்ற பிரிவில் 23.5 சதவீதம். பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, 2020-ல் முடிவு வெளியானது. அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மீளாய்வில் 27 ஆய்வுகளும் 11,272 தாய்மாரும் இருந்தார்கள். சாய்சதுரம் இடப்பக்கமே நின்றது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க முடிகிற, பிறந்த குழந்தைக்கு மூச்சுக்கு உதவ ஆள் இருக்கிற மருத்துவமனையில், இந்த ஊசி போடப்படும் ஒவ்வொரு 25 தாய்மாருக்கும் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது.